பக்கத்தில் படுத்தவளின் சாட்சி

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பகலில் வந்திருந்தால் ரோட்டு லாரிகளின் இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும். எதுவோ மெல்லுகிறது. வாய் நிறையப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து மெல்லுகிறது. ராசிக்கல் விற்கும் கல்லுக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் நின்ற இடத்தில் கேட்டது. தோளில் சம்மு தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மாதக் குழந்தை தூங்கும்போது கனம் இரண்டு மடங்காகிவிடுகிறது. கடையில் இருந்த ஒருவரும் அந்தச் சத்தத்துக்குத் தலை திருப்பவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று பயம் வந்தது, ஏனென்றால் அப்படிச் சில சத்தங்கள் எனக்கு உண்டு. அத்தை டவுன் பஸ்ஸில் முன்னாலேயே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். "கொண்டாந்தியா?" என்றார். "கொண்டாந்தேனுங்கத்தை." "முடிச்சக் கையில தொட்டுப் பிரிக்கலையே?" "இல்லீங்கத்தை." அது பொய் இல்லை. கையால் நான் பிரிக்கவில்லை. என் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பர்ஸில், நீலத் துணியில் முடிந்தபடியே இருந்தது கல். கடைக்காரர் போன சனிக்கிழமை கொடுத்தனுப்பிய அதே முடிச்சு. மற்றக் கல்லெல்லாம் வாங்கினவுடன் போட்டுக்கொள்ளலாம். நீலம் அப்படி இல்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. நீலம் ஆளைப் பார்க்கும். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லாவிட்டால் சாய்த்துவிடும். அதனால் சனிக்கிழமை ராத்திரி தொடங்கி மூன்று ராத்திரி, போட்டுக்கொள்ளப் போகிறவரின் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். என்ன கனவு வந்தது, வீட்டில் என்ன நடந்தது என்று நான்காம் நாள் வந்து சொல்ல வேண்டும். நல்லதென்றால் மோதிரம். கெட்டதென்றால் கல் கடைக்கே திரும்பிவிடும். போட்டுக்கொள்ளப் போகிறவர் என் வீட்டுக்காரர். பேசும்போது மாமா என்பவள் எழுதும்போது பெயரைச் சொல்லலாம். தனசேகர். போர்வெல் வண்டியில் டிரில்லர். போன தடவை சத்தீஸ்கரில் கம்ப்ரஸர் ஓஸ் பைப் வெடித்து இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது, அரை அங்குலம் தள்ளியிருந்தால் கண். ஜோசியர் அட்டமச் சனி என்றார், நீலம் என்றார். அத்தை சம்முவின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டார்: "கல்லு ஒத்துக்கிச்சுன்னா போகட்டும். ஒத்துக்கலீன்னா இந்த வருசம் இவன் வண்டி ஏறக் கூடாது. என்ற பேத்தி மேல ஆணை." போர்வெல் வண்டி நாளை விடியக்காலை நாலு மணிக்குத் திருச்செங்கோட்டில் கிளம்புகிறது. போனால் எட்டு மாதம். பைக்கை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தார், வெள்ளைச் சட்டை, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார், ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

கடைக்காரர் சென்னியப்பனின் மேசையில் கோயமுத்தூர்க் கல்யாண வீட்டுக்காரர்கள் நாலு பேர் ஒரு பதக்கத்தை வைத்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒரு பத்து நிமிசமுங்க," என்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "சுகந்தி, அக்காளுக்கு உள்ள சுத்திக் காட்டு கண்ணு." கடையின் முன்பாதி வியாபாரம், பின்பாதி கண்காட்சி. இந்தப் பக்கத்துக் காடுகளில் கிணறு வெட்டியபோது கிடைத்த கற்களை அவருடைய அப்பா காலத்திலிருந்து சேர்த்துக் கண்ணாடி அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். சுகந்தி அவருடைய பெண். கல் படிப்புக்கென்றே ஜெய்ப்பூர் வரைக்கும் போய் வந்தவள். கழுத்துச் சங்கிலியில் சாமி டாலருக்குப் பதிலாகச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. அலமாரிகளில் படிகம், சந்திரகாந்தக்கல், தண்ணீரையே வெட்டி வைத்த மாதிரி இளநீல நிறத்தில் ஒரு கட்டி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: யார் தோட்டம், எத்தனை அடி, எந்த வருசம். அந்தச் சீட்டுகளைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டு ஜன்னல் விளிம்பிலும் ஒரு கண்காட்சி இருக்கிறது. யாருக்கும் தெரியாது. இருமல் மருந்துக் குப்பிகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் போர் போட்ட இடத்துக் கல்மாவு. கல்யாணமான புதிதில், "எங்கெங்க போறீங்களோ அங்கிருந்து ஏதாவது கொண்டாங்க மாமா," என்றேன். சேலை வரும், வளையல் வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் குப்பியில் மாவு கொண்டு வந்தார். மேலே பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில்: ராய்ப்பூர் பக்கம், 640 அடி, தண்ணி இல்லை. இன்னொன்றில்: 310 அடி, நல்ல தண்ணி, ஊரே ஆடுச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் வரிசையாக அடுக்கி வைத்தேன். செங்கல் நிறம், சாம்பல் நிறம், ஒன்று மட்டும் லேசான ரோஸ். அவர் இல்லாத ராத்திரிகளில் ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். மழை விழுந்த பாறை வாசனை, அதற்கு அடியில் டீசல், அதற்கும் அடியில் எதுவும் இல்லை என்று மூளை சொல்லும், இருக்கிறது என்று மூக்கு சொல்லும். வண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிற நாளில் அவர் தலை முதல் கால் வரை வெள்ளையாக வருவார், இமை மயிர் கூட வெள்ளை. ஈரத்துண்டால் முதலில் நெற்றியைத் துடைப்பேன். துடைத்த இடத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை எனக்குக் கிடைப்பது அதுதான், ஒரு ஆளைத் துடைத்து எடுப்பது. "அக்கா, என்ன அங்கயே நின்னுட்டீங்க?" என்றாள் சுகந்தி. மெல்லுகிற சத்தம் இங்கே இன்னும் பக்கத்தில் கேட்டது. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "லைட்ட ஆஃப் பண்றேன், பயப்படாதீங்க," என்று ஒரு கறுப்புத் திரையை விலக்கினாள்.

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வருகிறது. திரைக்குள் ஒரு சின்ன அறை. விளக்கு அணைந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டேன். ஊதா வெளிச்சம் ஒன்று மெதுவாக எழும்பியது, அதுவரை காய்ந்த வெல்லக்கட்டி மாதிரி கிடந்த கற்கள் உள்ளேயிருந்து சிவப்பாக, பச்சையாக எரிந்தன. "சாதாரண வெளிச்சத்துல இதுக மூஞ்சியப் பாத்து யாரும் வாங்க மாட்டாங்க," என்றாள். அவளை முன்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அப்படியே பாத்துட்டு இருங்கக்கா," என்று போய்விட்டாள். இருட்டில் சம்முவின் வெள்ளைச் சட்டை மட்டும் ஜொலித்தது, உள்ளே குழந்தையே இல்லாத மாதிரி. கையால் தடவிப் பார்த்தேன். இருந்தாள், சூடாக இருந்தாள், மூச்சு விட்டாள். எங்கள் தோட்டத்து வீட்டிலும் இப்படித்தான், ராத்திரியில் பத்துத் தடவை மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். சுற்றிலும் தென்னை. அத்தை பெரிய மகன் வீட்டோடு டவுனில் இருக்கிறார். அடுத்த விளக்கு நாலு காடு தள்ளி. அந்த வீட்டின் முன் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது. மழையில் கதவு ஊதிக்கொண்டு, தண்டு ஒரு பக்கம், நிலைச் சட்டத்திலிருக்கும் துளை ஒரு பக்கம். "அடுத்த தடவ வரும்போது சரி பண்ணிர்றேன்," என்று அவர் சொன்னது நாலு தடவை. நான் காலி சிலிண்டரை உருட்டிக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்துப் படுப்பேன். போன மாசியில் ஒரு ராத்திரி, சம்முவுக்கு மூன்று மாதம், யாரோ கதவைப் பிடித்து ஆட்டினார்கள். காற்று இல்லை. காற்று விட்டு விட்டு ஆட்டாது. ஒரு தடவை ஆட்டி, காத்திருந்து, மறுபடி ஆட்டியது. சிலிண்டர் சிமெண்டுத் தரையில் ஒரு விரற்கடை நகர்ந்த சத்தம் கேட்டது. நான் குழந்தையின் வாயை என் மாரோடு அழுத்திக்கொண்டு, கான்வென்டில் கற்றுக்கொடுத்த ஜெபமும் கந்தசாமியும் கலந்து எதையோ சொல்லிக்கொண்டு சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தேன். விடிந்து பார்த்தால் கதவு கதவாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் போனில் சொல்லவில்லை, ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஆளிடம் சொன்னால் என்ன செய்வார், வேலையில் கவனம் தப்பும், ஓஸ் வெடிக்கும். ஆனால் சொல்லாமலே ஓஸ் வெடித்தது. திரை விலகியது. ஒரு சட்டை உள்ளே வந்தது. கழுத்துக்கு மேலே ஆள் இல்லை, சட்டை மட்டும் நீல வெள்ளையாக மிதந்து வந்தது. "என்ன இப்படி நிறுத்தி வெச்சுட்டாங்க இருட்டுல," என்று சிரித்தார். பல்லும் ஜொலித்தது. நான் சிரித்தேன், என் பல்லும் ஜொலித்திருக்கும். "பேய் மாதிரி இருக்கறே மைதிலி." "நீங்க மட்டும் என்னவாம்." தோளோடு தோள் உரசி நின்றோம். கல்யாணமாகி மூன்று வருசத்தில் பத்து நிமிசம் இப்படி ஒரு இடத்துக்குப் போய் எதையாவது வேடிக்கை பார்த்ததே இல்லை. இது முடியவே கூடாது என்று நினைத்தேன், சென்னியப்பன் பதக்கத்தைச் சீக்கிரம் விற்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர் குனிந்து என் காதோரம் சொன்னார், "ஒத்துக்கிச்சுன்னு சொல்லிரு. அம்மாவுக்கு நிம்மதி. எட்டு மாசந்தான, ரெண்டு கை விரலு கூட வேண்டாம் எண்ணறதுக்கு." "உங்களுக்குக் கனா ஏதாச்சும் வந்துதுங்களா மாமா?" "எனக்கா? படுத்தா கட்ட. ஒரு கனாவும் இல்ல. ஆனா நல்லாத் தூங்குனேன். அது நல்லதுதான?" நல்லாத்தான் தூங்கியிருப்பார். அவர் தலைக்கடியில் மடித்த போர்வைதான் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி அத்தையே வந்து, சுவர் ஓரத்தில் இருந்த அவர் தலையணைக்கு அடியில் முடிச்சை வைத்து, "மூணு நாளைக்கு ஒருத்தரும் இதத் தொடாதீங்க," என்று திருநீறு பூசிவிட்டுப் போனார். பத்து மணிக்கு சம்மு என் தலையணை முழுக்கப் பால் கக்கினாள். சளி. நடுக்கட்டிலில் படுத்த குழந்தைக்குக் காற்றாடி ஆகாது என்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரம் போனேன், அவர் அரைத்தூக்கத்தில் இந்தப் பக்கம் உருண்டார், "இத வெச்சுக்க," என்று தன் தலையணையை அங்கேயே விட்டுவிட்டு ஒரு போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். குழந்தை இருக்கிற கட்டிலில் யாருடைய இடம் யாருடையது. மூன்று ராத்திரியும் அப்படியே படுத்தோம். இன்று காலையில்தான், அத்தை கொண்டுவரச் சொன்ன முடிச்சை எடுக்கக் கையை விட்டபோதுதான் தெரிந்தது என்று சொல்லலாம். கடையில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இங்கே எழுதும்போது இன்னொன்றையும் எழுத வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி திரும்பிப் படுக்கையில் காது மடலுக்குக் கீழே கெட்டியாக ஒன்று இடித்தது, புளியங்கொட்டை அளவுக்கு. எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து அவர் பக்கம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏன் என்று இப்போதும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். குழந்தை முழித்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். அது உண்மைக் காரணம் இல்லை. ஹாஸ்டலில் ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று சிஸ்டர் கிளமென்சியா என் கையிலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றிக்கொண்டார். "கல்லுக்கும் கயித்துக்கும் கண்ணு இருக்கா? உன்னைப் பார்க்கிறவர் மேலே இருக்கார்." மேசை இழுப்பறையைத் திறந்து போட்டார். உள்ளே பார்த்துவிட்டேன். தாயத்து, ராசிக்கல் மோதிரம், ஈரோட்டு தர்காவில் ஓதிய நூல், எல்லாவற்றிலும் பெயர், வகுப்பு எழுதிய சீட்டு. இழுப்பறை முழுக்கப் பயந்த பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து போகிற அன்று ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு அவரவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தார். என் கயிறு பூச்சி அரித்திருந்தது. "இத்தனை வருசம் இது இல்லாம இருந்தியே, ஏதாவது ஆச்சா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை சிஸ்டர் என்றேன். ஆனால் அதைத் தூக்கிப் போடாமல் ஏழு வருசம் சீட்டு ஒட்டி வைத்திருந்தாரே என்பதுதான் எனக்கு இப்போது நினைவில் நிற்கிறது. அந்த இரண்டாம் ராத்திரியில், ஆளைப் பார்க்கிற கல் என்னைப் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள், ஜோசியர், அத்தை, வண்டி முதலாளி. போகிறவருக்கு ஆயிரம் காப்பு. இருக்கிறவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று யாரும் மூன்று நாள் வைத்துப் பார்க்கவில்லை. கனவு வந்தது. முதல் ராத்திரி எதுவும் நினைவில்லை. இரண்டாம் ராத்திரி கட்டிலுக்கு அடியில் தரை பிளந்து வெதுவெதுப்பான தண்ணீர் எழும்பியது, சம்மு அதில் மிதந்துகொண்டு சிரித்தாள். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "பதினஞ்சே அடி மைதிலி, வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு," என்றார். அதிலிருந்து எழுந்திருக்கவே மனசில்லை. மூன்றாம் ராத்திரி அவர் வெள்ளையாக வந்து வாசலில் நின்றார். ஈரத்துண்டால் துடைத்தேன். நெற்றியைத் துடைத்தேன், மாவு. கன்னத்தைத் துடைத்தேன், மாவு. துடைக்கத் துடைக்க மாவாகவே போய், கடைசியில் துண்டு மட்டும் என் கையில் இருந்தது.

"வாங்க, இப்ப உங்க முறை," என்று சென்னியப்பன் கூப்பிட்டார். போகிற வழியில் சுகந்தியிடம் கேட்டேவிட்டேன், அது என்ன சத்தம் என்று. "எது?" என்றாள். அவளுக்குக் கேட்கவேயில்லை, பிறந்ததிலிருந்து கேட்பதால். அப்புறம் சிரித்து, பின்கதவைத் திறந்து காட்டினாள். கொட்டகையில் ஒரு இரும்பு டிரம் படுத்த வாக்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "சில்லறைக் கல்லுக்கா. தண்ணி, கல்லு, அரைக்கிற மண்ணு மூணையும் போட்டுச் சுத்த விட்டுர்றது. ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி மூலையெல்லாம் போய் வழவழன்னு ஆயிரும்." "எத்தன நாளைக்கு?" "இது இருபத்தஞ்சு நாளா ஓடுது. ராத்திரி பகல்னு நிறுத்தக் கூடாது. நிறுத்துனா மண்ணு இறுகிக்கும்." கையை வைத்துப் பார்த்தேன். இரும்பு வழியாக உள்ளே அத்தனை கற்களும் புரள்வது உள்ளங்கைக்குத் தெரிந்தது, சம்மு வயிற்றுக்குள் புரண்டபோது தெரிந்த மாதிரி. ஒன்றோடொன்று பக்கத்திலேயே கிடந்து உரசிக்கொண்டிருக்க அதுகளுக்கு இருபத்தைந்து நாள் கிடைத்திருக்கிறது. "மைதிலீ," என்று அத்தையின் குரல். மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். முடிச்சை எடுத்து வைத்தேன். சென்னியப்பன் அதைப் பிரிக்காமல் கையில் எடை பார்ப்பது போல வைத்துக்கொண்டு, பலமுறை கேட்டுப் பழகிய குரலில் ஆரம்பித்தார். "மூணு நாள்ல வண்டி பஞ்சர், விபத்து?" "இல்லீங்க." "வீட்ல வார்த்த தடிச்சுதுங்களா?" "இல்லீங்க." "பாலு பொங்கிக் கொட்டறது, கண்ணாடி ஒடையறது?" "எதுவுமில்லீங்க," என்றார் அவர், முதல் மதிப்பெண் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. "போன மாசம் ஒருத்தரு, நீலம் ஒத்துக்கலீங்க, வெச்ச அன்னிக்கே மாமியா வந்து எறங்கிட்டாங்கன்னாரு. அது கல்லு பண்ணுன வேல இல்லீங்கன்னேன்," என்றார் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும், "அவரு பொண்டாட்டியக் கேட்டீங்களா, அவ வேற சொல்லியிருப்பா," என்றார். சென்னியப்பன் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதேதானுங்க நானும் சொல்ல வர்றது. போட்டுக்கறவங்க சொல்றத நான் எடுத்துக்கறதில்ல. கல்லு மேல ஆச வந்துட்டா பொய் வந்துரும். பக்கத்துல படுத்தவங்கதான் சாட்சி. சொல்லுங்கம்மிணி, தம்பி தூக்கத்துல பொலம்புனாரா, எந்திரிச்சு உக்காந்தாரா? கெட்ட கனா ஏதாச்சும்?"

சம்மு தூக்கத்தில் ஒரு தடவை உதட்டைச் சப்பினாள். ஒரு வார்த்தை போதும். ஆமாங்க, பயந்து எந்திரிச்சாருங்க என்றால் போதும், அத்தையின் ஆணை இருக்கிறது, கல் மேசையிலேயே நின்றுவிடும், இந்த வருசம் முழுக்க அவர் என் வீட்டில். ஆடி, ஆவணி, புரட்டாசி. சம்மு நிற்பதைப் பார்ப்பார். கெட்ட கனவு வந்தது உண்மைதான், வந்தது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இங்கே இருந்து யாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் எழும்புகிற நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தைப் பொய் சொல்லி வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அது எத்தனை நாளைக்கு அந்த முகமாகவே இருக்கும். இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. நல்லாத் தூங்குனாருங்க. அதுவும் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் நாலு மணிக்கு வண்டி. அவர் தலைக்கடியில் இருந்தேயிராத கல்லை விரலில் போட்டுக்கொண்டு போவார், ஓஸ் அவர் முகத்துக்கு நேரே இருக்கும், அந்தக் கல் அவரைப் பார்க்கவேயில்லை என்று எனக்கு மட்டும் தெரியும், எட்டு மாதமும் தெரியும். கல்லுக்குக் கண் இருக்கா என்கிறார் சிஸ்டர். இல்லை சிஸ்டர், ஆனால் சீட்டு ஒட்டி வைத்திருந்தீர்களே. மேசைக்கு அடியில் அவர் கால் என் காலைத் தொட்டது, சொல்லு என்கிற மாதிரி. "கல்லு என்ற தலையணைக்கு அடியிலதானுங்க இருந்துது," என்றேன். என் குரலா அது. "பாப்பா பால் கக்கிட்டா. எடம் மாத்திப் படுத்தோம். மூணு ராத்திரியும் நான்தானுங்க அது மேல படுத்திருந்தேன். அவருக்கு வெச்சுப் பாக்கவேயில்லீங்க." அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "கட்டல்ல இருக்கறது ரெண்டு தலகாணி, அதுலயுமா ஒருத்திக்கு வெவரம் தெரியாது! கான்வென்டுல என்னதான் சொல்லிக் குடுத்தாங்களோ." சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இருவத்தெட்டு வருசத்துல இப்பத்தானுங்க கேக்கறேன்," என்றார். "சரி, விடுங்க. கல்லுக்கு ஒண்ணும் ஆகல. மறுபடி வெச்சுப் பாக்கோணும்." "இன்னிக்கே வெச்சுக்கறோமுங்க," என்று அவர் அவசரப்பட்டார், "வண்டி விடியால கெளம்புது, மத்த ரெண்டு நாளும் வண்டியிலயே..." "அதெப்பிடிங்க தம்பி? நீலம் சனிக்கெழம ராத்திரிதான் தல வைக்கும். இன்னிக்குச் செவ்வாய்." அத்தை எழுந்துவிட்டார். "சனிக்கெழம வெச்சு, செவ்வாக்கெழம வந்து சொல்லிப்போட்டு, அப்பறம் ரயில்ல போய்ச் சேரட்டும். நான் ஆணையிட்டது இட்டதுதான்." நான் அதை யோசிக்கவேயில்லை. சாமி சத்தியமாகச் சனிக்கிழமையை நான் கணக்குப் போடவில்லை. விரல்கள் குழந்தையின் முதுகில் தானாக மடங்கின. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள். ஏழு.

அவர் பைக்கை ஓங்கி உதைத்துக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் சம்முவை வைத்து, அவர் முதுகின் சூட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன். கோபமான முதுகும் சூடாகத்தான் இருக்கிறது. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். "வேணும்னே பண்ணுனியா?" தெரியலீங்க மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "கதவுக்குத் தாப்பாள் விழறதில்லீங்க மாமா. மாசி மாசம் ஒரு ராத்திரி யாரோ வந்து ஆட்டுனாங்க. விட்டு விட்டு ஆட்டுனாங்க. சிலிண்டர் நகுந்துருச்சு." இத்தனை நாள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது மூலையெல்லாம் தேய்ந்து இவ்வளவு சின்னதாக, வழவழப்பாக வெளியே விழுந்தது. அவர் வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். தவளைகள். திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "ஏன் சொல்லல?" "நீங்க எங்கயோ இருந்தீங்க." கையைப் பின்னால் நீட்டி முதலில் சம்முவின் காலைப் பிடித்தார், அப்புறம் என் முட்டியை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. டூல்ஸ் பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வாசலில் குந்தி நிலைச் சட்டத்தில் இருக்கும் இரும்புத் தகட்டின் துளையை ராவ ஆரம்பித்தார். முதலாளி போன் பண்ணினார், இவர் வாயிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டுப் பேசினார். "வண்டிய எடுத்துட்டுப் போங்கண்ணா, நான் அடுத்த வாரம் ரயில்ல வர்றேன். ஆமாங்ண்ணா, வீட்ல கொஞ்சம் வேல." சம்முவைக் கட்டிலில் போட்டுவிட்டு நான் சமையல் மேடையில் இந்த நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி பதினொன்று. கர், கர் என்று அரம் மெல்லுகிறது, இந்தச் சத்தத்துக்கு எனக்குப் பயம் வரவில்லை. ஏழு ராத்திரிக்கு அப்புறம் கல் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை தலையணையை மாற்ற மாட்டேன். அவர் தூக்கத்தில் என்ன புலம்புகிறார் என்று மூன்று ராத்திரியும் முழித்திருந்து கேட்பேன், கேட்டதைக் கேட்டபடி சொல்வேன், அவர் போகவும் வேண்டியிருக்கலாம். ஜன்னலில் பன்னிரண்டாவது குப்பி வரலாம். சத்தம் நின்றுவிட்டது. இரும்புத்தூளை ஊதுகிறார். கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்துகிறார். "மைதிலி, இங்க வந்து பாரு," என்கிறார். போகிறேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் கை முழுக்கக் கறுப்பு, புருவத் தழும்பில் தூள் ஒட்டியிருக்கிறது, முந்தானையால் துடைக்க வேண்டும். "நீயே போடு," என்று விலகி நிற்கிறார், கதவுக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில். தண்டைப் பிடித்து இழுத்தேன். தடங்கல் இல்லாமல் போய், டக்கென்று விழுந்தது.